கையெழுத்துக்கு முன்னால் கணக்கு: ஓமந்தூர் வட்டாரத் தோழர்களுக்கு ஓர் அறைகூவல்



சம்பாவுக்கு நாற்று விடுவதற்குள் நாம் தொடங்கியாக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இந்தப் போகம் போனால் அடுத்த போகம் என்று தள்ளிப்போடக்கூடிய வேலையாக இருந்தால் இவ்வளவு அவசரமாகக் கூப்பிட்டிருக்க மாட்டோம். நம் கழனியில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது, எப்போது வடிகிறது, எத்தனை மூட்டை யூரியா விழுகிறது, வரப்பில் என்ன மரம் எத்தனை வயதில் நிற்கிறது என்பதை நம் கையால், நம் நோட்டில், தேதி போட்டு எழுதத் தொடங்க வேண்டும். ஓமந்தூரிலிருந்து மரக்காணம் வரை, திண்டிவனத்திலிருந்து வானூர் வரை, ஊர் விடாமல் எழுத வேண்டும்.

கார்பன் சந்தை நம் வரப்பு வரைக்கும் வந்துவிட்டது. கழனியில் தண்ணீரைக் கட்டி வைக்காமல் காயவிட்டுப் பாய்ச்சினால் காசு, வரப்பில் மரம் வைத்தால் காசு, வைக்கோலைக் கொளுத்தாமல் மடக்கி உழுதால் காசு என்று சொல்லிக்கொண்டு நாட்டின் பல மாநிலங்களில் திட்டங்கள் ஊர் ஊராக நுழைகின்றன. செல்போனில் ஒரு படிவம், ஆதார் எண், பட்டா நகல், ஒரு ஓடிபி. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை வருடத்துக்கு எதை எழுதிக் கொடுத்தோம் என்பது விவசாயிக்குத் தெரியாது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும். நகலும் பல இடங்களில் கைக்கு வருவதில்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஹரியானாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் நடக்கும் கார்பன் வேளாண்மைத் திட்டங்களை ஆராய்ச்சியாளர்கள் நேரில் போய் விசாரித்து 2024ல் வெளியிட்ட ஆய்வு நம் எல்லோருக்கும் மனப்பாடமாக வேண்டும். திட்டத்தில் சேர்ந்த விவசாயிகளில் 99 விழுக்காட்டினருக்கு ஒரு பைசாகூட வந்து சேரவில்லை. 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்குப் புதிய முறையில் பயிற்சியே கொடுக்கப்படவில்லை. 28 விழுக்காட்டினர் இரண்டாம் வருடமே விட்டுவிட்டார்கள். கோதுமையும் நெல்லும் விளைந்து தள்ளும் ஹரியானாவில், பெரிய பெரிய சங்கங்கள் உள்ள மண்ணில், நிலைமை இது. நாம் எந்த ஏற்பாடும் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் நமக்கு இதைவிட நல்லது நடக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

சந்தை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகை விடும் ஆலைக்கு ஒரு வரம்பு போடுகிறார்கள். வரம்பைத் தாண்டினால், வேறெங்கோ ஒருவர் குறைத்த புகைக்கான சான்றிதழை அந்த ஆலை விலைக்கு வாங்கலாம். ஒரு சான்றிதழ் என்றால் ஒரு டன் கரியமிலவாயு, அல்லது அதற்குச் சமமான வேறு வாயு. சட்டக் கட்டாயம் இல்லாமல் தன் பெயருக்காக வாங்கும் கம்பெனிகளும் உண்டு. இந்தியாவின் சொந்தக் கார்பன் வர்த்தகத் திட்டம் 2023 ஜூனில் அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் வேளாண்மைக்கான தன்னார்வக் கார்பன் சந்தைக் கட்டமைப்பை ஒன்றிய வேளாண் அமைச்சகம் வெளியிட்டது. அதே வருடம் நவம்பரில் பாகு நகரில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாடு, பாரிஸ் ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவில் பல வருடங்களாக இழுத்துக்கொண்டிருந்த விதிகளை முடித்தது. நாட்டுக்கு நாடு கார்பன் விற்கும் பாதை அதோடு திறந்துவிட்டது. 2025 அக்டோபரில் சிமென்ட், அலுமினியம், காகிதம், குளோர் ஆல்கலி ஆலைகளுக்கு இங்கே இலக்கு வைத்தாயிற்று. ஐரோப்பாவில் எல்லையிலேயே கார்பன் கட்டணம் வாங்கும் முறை 2026 ஜனவரி முதல் முழுதாக நடைமுறைக்கு வந்துவிட்டது. வாங்குகிறவர்கள் பெருகுகிறார்கள். விற்கிற பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதுதான் இப்போது முடிவாகிக்கொண்டிருக்கிறது.

இதே மாதிரி ஒரு சந்தை முன்பும் வந்தது. கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் வந்த தூய்மை மேம்பாட்டு முறை அது. திட்டங்களின் எண்ணிக்கையில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்குத்தான். தமிழ்நாடும் அதில் நன்றாகப் பங்கெடுத்தது. தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் என்ன செய்தது தெரியுமா? ஒவ்வொரு ஆலையும் தனித்தனியாக வைத்திருந்த காற்றாலைகளை ஒரே கட்டாகக் கட்டி, ஒரே திட்டமாக ஐ.நா.வில் பதிவு செய்தது. தனியாகப் போயிருந்தால் ஒரு சின்ன ஆலையால் ஆடிட்டர் செலவைக்கூடத் தாங்கியிருக்க முடியாது. சங்கமாகப் போனதால் முடிந்தது. இன்னொரு காரணமும் உண்டு, அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர்களிடம் மீட்டர் இருந்தது. எத்தனை யூனிட் மின்சாரம் உற்பத்தியானது என்று மாதாமாதம் மின்வாரியத்தின் கணக்கு இருந்தது. உலகத்தில் எவர் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்ட அவர்களிடம் காகிதம் இருந்தது.

விவசாயியிடம் மீட்டர் இல்லை. அதனால்தான் அந்தச் சந்தையில் உழுகிறவன் பெயர் ஏறக்குறைய இல்லை. ஹரியானாவின் சிர்சாவில், மணல்மேடு நகர்ந்து வந்து மூடிய நிலங்களில், எட்டு ஊர்களைச் சேர்ந்த 200க்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து மரம் நட்ட ஒரு திட்டம் 2009ல் பதிவானது. அந்த மாதிரித் திட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பணம் போனது காற்றாலைக்கும், நீர்மின் நிலையத்துக்கும், பெரிய ஆலைக்கும். பிறகு விலையும் கவிழ்ந்தது. 2008ல் 20 யூரோவுக்கு மேல் விற்ற சான்றிதழ் 2012 முடிவில் ஒரு யூரோகூடப் போகவில்லை. ஐரோப்பா தன் கதவைச் சாத்தியது, சந்தை படுத்துவிட்டது. இந்த இரண்டையும் மறக்கக் கூடாது. அளவு காட்டத் தெரிந்தவனுக்கே காசு, அந்தக் காசும் என்றைக்கும் ஒரே விலையில் இருக்காது.

வளரும் நாடுகளைக் கார்பன் சந்தைக்குத் தயார் செய்கிறோம் என்று உலக வங்கி 2010ல் கான்கூன் மாநாட்டில் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியது. இந்தியாவும் அதில் இருந்தது. அளப்பது, அறிக்கை கொடுப்பது, சரிபார்ப்பது, பதிவேடு வைப்பது என்று அரசுகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அது வேண்டாத வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயிற்சி அமைச்சகங்களோடு நின்றுவிட்டது. டெல்லியில் பதிவேடு தயார், ஓமந்தூர் ஏரிப் பாசனத்தில் ஒரு மடைக்குக்கூடக் கணக்கு இல்லை. நாடு தயார் என்று சொல்லவேண்டுமானால் மடை தயாராக இருக்க வேண்டும். அதை மேலேயிருந்து யாரும் செய்து தரப்போவதில்லை, நாம்தான் செய்ய வேண்டும்.

இனி வயலுக்கு வருவோம்.

காய்ச்சலும் பாய்ச்சலும் நமக்குப் புதிதில்லை. கிணற்றில் தண்ணீர் குறைந்த வருடங்களில் நம் பெரியவர்கள் அப்படித்தான் நெல்லைக் கரையேற்றினார்கள். தண்ணீர் இடைவிடாமல் நிற்கும் சேற்றில் காற்று புகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் மீத்தேன், கரியமிலவாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இடையிடையே காயவிட்டால் மண்ணுக்குள் காற்று போகும், மீத்தேன் குறையும். எப்போது காயவிடுவது, எப்போது பாய்ச்சுவது என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு அடி நீளத்துக்கு பிவிசி குழாய் ஒன்று. கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் போகும்படி வயலில் இறக்க வேண்டும். உள்ளே சேர்ந்த சேற்றைக் கையால் அள்ளி எடுத்துவிட்டால் சுற்று வயலின் நீர்மட்டம் குழாய்க்குள் தெரியும். நட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து இதைத் தொடங்கலாம். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்ச வேண்டும். கதிர் பூக்கும் நேரத்தில் மட்டும், ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும், தண்ணீர் நிற்கவே வேண்டும். அங்கே கஞ்சத்தனம் செய்தால் பதர்தான் மிஞ்சும்.

இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல்களைத் திட்டக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். நாம் சொல்லியாக வேண்டும். சம்பா பயிர் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிற்கிறது. அப்போது காயவிடு என்றால் வானத்திடம்தான் சொல்ல வேண்டும். கிணற்றையும் போரையும் நம்பி நடக்கும் நவரையிலும் சொர்ணவாரியிலும்தான் இந்த முறைக்கு நிஜமான இடம். மரக்காணம் பக்கம் உப்பளத்தை ஒட்டிய உவர் கழனிகளில் காயவிட்டால் உப்பு மேலே ஏறிப் பயிரைக் கருக்கும். அந்த நிலங்களை இதில் இழுக்கவே கூடாது. காயவிட்டால் களை கூடும். களை பறிக்கக் குனிகிறவர்கள் பெண்கள். அந்தக் கூடுதல் கூலியைக் கணக்கில் எழுதாத எந்தத் திட்டமும் பெண்களின் முதுகில் லாபம் பார்க்கும் திட்டம்தான். யூரியாவை அள்ளி வீசிவிட்டுக் காயவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். மீத்தேனில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை அது தின்றுவிடும். பிறகு, மோட்டார். மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருமோ என்று ஆட்டோ ஸ்டார்ட்டரில் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறோம், வேண்டுமோ வேண்டாமோ விடியும்போது கழனி தளும்புகிறது. இலவச மின்சாரம் உயிர் கொடுத்து வாங்கிய உரிமை. அதில் யாரையும் கைவைக்க விட மாட்டோம். ஆனால் அந்த ஸ்டார்ட்டரை அணைப்பது நம் கையில் இருக்கிறது.

காசு எவ்வளவு வரும்? இதை மறைக்காமல் பேசுவோம், ஏனென்றால் ஏமாற்று இங்கேதான் தொடங்குகிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2019ல் புதுப்பித்த கணக்கு முறையில், தண்ணீர் விடாமல் நிற்கும் தெற்காசிய நெல்வயலுக்கு ஒரு ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ மீத்தேன் என்று சராசரி வைத்திருக்கிறார்கள். 120 நாள் பயிருக்கு 102 கிலோ. பலமுறை காயவிட்டால் அதில் 45 விழுக்காடு குறையும் என்பது அதே முறையின் கணக்கு. சுமார் 46 கிலோ மிச்சம். 28 ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 1.3 டன், ஏக்கருக்கு அரை டன். ஒரு டன் 10 டாலர் விலை போகிறது என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 450 ரூபாய் அளவில் நிற்கும். அதிலும் சரிபார்க்க வருகிறவர் செலவு, பதிவுச் செலவு, இடையில் நிற்பவரின் பங்கு எல்லாம் கழிய வேண்டும். ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள், முகம் மாறுகிறதா பாருங்கள்.

அப்படியென்றால் இத்தனை பாடு எதற்கு என்று கேட்பீர்கள். ஒற்றை ஏக்கருக்கு அது டீச் செலவுதான். ஆயிரம் ஏக்கர் ஒரே சங்கமாக நின்றால் ஒரு போகத்துக்கு 500 டன், நாலரை லட்சம் ரூபாய். செலவு போக நிற்பதில் மதகைச் சரிசெய்யலாம், வாய்க்கால் தூர்வாரலாம், களைக்கூலியைக் கூட்டிக் கொடுக்கலாம். அதைவிடப் பெரிய ஆதாயம், கிணற்றில் நிற்கும் தண்ணீர். காயவிட்டுப் பாய்ச்சினால் பாசன நீரில் 30 விழுக்காடு வரை மிச்சமாகும் என்பது பல நாடுகளில் கண்டறிந்த உண்மை. கடலோரத்தில் நிலத்தடியில் உப்பு ஏறிக்கொண்டிருக்கும் நம் வட்டாரத்துக்கு அந்தத் தண்ணீர்தான் முதல் வருமானம். கார்பன் காசு அதற்கு மேல் வந்தால் வரட்டும்.

இப்போது நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் முறையை மாற்றியதால்தான் வாயு குறைந்தது என்று நிரூபித்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். மாற்றுவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? சிட்டா இருக்கிறது, அடங்கல் இருக்கிறது. அடங்கலில் எந்தப் பயிர், எத்தனை பரப்பு என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதியிருப்பார். தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று அதில் இருக்காது. இந்த வெற்றிடத்தைத்தான் வெளியாள் தன் கணக்கால் நிரப்புகிறான். நிரப்பியவன் சொன்னதுதான் அளவு, அவன் சொன்னதுதான் விலை. பொய்க் கணக்கு எழுதினால் கடைசியில் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. உலகின் மிகப் பெரிய தன்னார்வச் சான்றளிப்பு அமைப்பான வெர்ரா, சீனாவின் 37 நெல் திட்டங்களை 2024ல் நிராகரித்தது. அந்த வயல்களில் இறங்கி உழைத்தவர்கள் யாரும் அந்தக் கணக்கை எழுதவில்லை, ஆனால் பெயர் கெட்டது நெல்லுக்கு. நம் நோட்டில் ஒரு வரிகூடப் பொய் இருக்கக் கூடாது. பாய்ச்ச மறந்த நாளையும் எழுதுங்கள், பக்கத்து வயல் தண்ணீர் வழிந்து நம் வயலில் நின்ற நாளையும் எழுதுங்கள்.

பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயருக்குத்தான் படிவம் வருகிறது. நம் வட்டாரத்தில் எத்தனை கழனி வாரத்திலும் குத்தகையிலும் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். 1969ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தும் பதிந்தவர்கள் குறைவு. இரவில் எழுந்து மடை திருப்புகிறவர் ஒருவர், கார்பன் காசு வாங்குகிறவர் சென்னையில் இருக்கும் இன்னொருவர் என்றால் அதை நாம் ஏற்கப்போகிறோமா? ஓமந்தூர் மண்ணில் நின்றுகொண்டு ஏற்க முடியாது. இந்த ஊரின் ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். அந்த இரண்டே வருடத்தில், ஜமீன் நிலங்களில் வாரத்தைக் குறைக்கும் சட்டம் 1947ல் வந்தது, ஜமீன்களையே ஒழிக்கும் சட்டம் 1948ல் வந்தது. பாடுபடுகிறவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் உட்கார்ந்து தின்றவர்களை அந்தச் சட்டம் அப்புறப்படுத்தியது. காற்றின் பேரால் புதிதாக ஒரு நடுவாள் முளைப்பதை அவர் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கலாமா? உழுகிறவருக்கும் நிலத்துக்காரருக்கும் என்ன பங்கு என்பதைத் திட்டக்காரர் வருவதற்கு முன்பே சங்கத்தில் உட்கார்ந்து பேசி எழுதிவிட வேண்டும். பங்கில் பாதிக்கு மேல் உழுகிறவருக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. வாதிடுங்கள், ஆனால் இப்போதே வாதிடுங்கள்.

சவுக்குத் தோப்பு வைத்திருக்கும் தோழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மரம் வைத்தால் கார்பன் காசு என்று உங்களிடம்தான் முதலில் வருவார்கள். சவுக்கை நாம் மூன்று, நான்கு வருடத்தில் வெட்டிக் காகித ஆலைக்கும் கழிக்கும் விற்கிறோம். கார்பன் ஒப்பந்தமோ 20 வருடம், 30 வருடம், 40 வருடம் என்று நீளும். மகளுக்குக் கல்யாணம் என்றால் தோப்பை வெட்ட முடியாமல் நிற்கப் போகிறீர்களா? 2011 டிசம்பரில் தானே புயல் என்ன செய்தது என்று தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியபோது நம் வட்டாரமே ஏரியானது. காற்றில் விழுந்த மரத்துக்கு நட்டஈடு நீ கட்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி ஒளிந்திருந்தால்? அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், வெட்டி விற்கும் சவுக்குக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது. வெட்டாமல் நிற்கும் பனைக்கும் புளிக்கும் வேம்புக்கும் பேசலாம்.

தனி நிலத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது பொது நிலம். கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது, 5,151 ஹெக்டேர். 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. கழுவெளியைக் கடலோடு சேர்க்கும் உப்பங்கழி ஓரத்தில் அலையாத்தி வளர்கிறது. அலையாத்திக் காட்டின் சேறு தரைக்காட்டைவிட அதிகமாகக் கார்பனைச் சேர்த்து வைக்கும். நம் நாட்டுக் கார்பன் திட்டத்துக்காக 2025 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற எட்டு வழிமுறைகளில் அலையாத்தி வளர்ப்பும் ஒன்று. ஆகவே நாளை அங்கே திட்டம் வரும். வந்தால் இறால் தடவும் பெண்களும், வலை வீசும் மீனவர்களும், மாடு மேய்ப்பவர்களும் வேலிக்கு வெளியே நிற்க வேண்டுமா? கென்யாவில் 2023ல் சட்டத்தைத் திருத்தி, நிலம் சார்ந்த கார்பன் திட்டத்தின் வருமானத்தில் குறைந்தது 40 விழுக்காடு அந்த ஊர் மக்களுக்கு என்று எழுதிவிட்டார்கள். ஊர் மக்களோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்றும் எழுதினார்கள். அந்த மாதிரி ஒரு சட்டத்தை இங்கே கேட்க நமக்கு என்ன தயக்கம்? கானா நாட்டில் ஆயிரக்கணக்கான நெல் விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிர் செய்து குறைக்கும் வாயுவை ஸ்விட்சர்லாந்து வாங்குவதற்கு 2022லேயே ஒப்புதல் கொடுத்தாயிற்று. நம்மைப் போலவே சேற்றில் கால் வைத்தவர்கள்தான் அவர்களும்.

சில தோழர்கள் இதற்கு எதிராகப் பேசுகிறார்கள் என்பதை அறிவேன். பணக்கார நாடுகளும் கம்பெனிகளும் புகையை நிறுத்தாமல் தப்பிக்கக் கண்டுபிடித்த வழி இது, இதில் நாம் கை நனைக்கக் கூடாது என்கிறார்கள். அவர்கள் சந்தேகம் நியாயமானது. மழைக்காடுகளைக் காப்பாற்றியதாகச் சொல்லி விற்ற சான்றிதழ்களில் பெரும்பகுதி வெற்றுக் காகிதம் என்று 2023ல் பத்திரிகையாளர்கள் தோண்டி எடுத்தார்கள். ஜிம்பாப்வேயின் கரீபா காட்டுத் திட்டம் அதே வருடம் நாறிப்போனது. இந்தியாவில் நடக்கும் திட்டங்களை ஆராய்ந்த டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், விலையும் பங்கும் மக்களுக்குத் தெரியாமல் மூடி மறைக்கப்படுவதை அதே வருடம் வெளிக்கொண்டு வந்தது. அத்தனையும் உண்மை. ஆனால் தோழர்களே, நாம் ஒதுங்கி நின்றால் சந்தை நிற்கப்போவதில்லை, நம் இடத்தில் ஒரு ஏஜென்ட் உட்காருவார். தயாராக இருப்பவனால்தான் ‘முடியாது’ என்று சொல்லவும் முடியும். எவ்வளவு குறைத்தோம், என்ன செலவானது, எவ்வளவு விலை வந்தால் கட்டுப்படியாகும் என்று தெரிந்தவன் பேரம் பேசுவான், பிடிக்கவில்லையென்றால் எழுந்து வருவான். தெரியாதவன் கொடுத்ததை வாங்கிக்கொள்வான். சேர வேண்டும் என்று சொல்பவர்களும், சேரக் கூடாது என்று சொல்பவர்களும் இந்த ஒரு வேலையில் ஒன்றாக நிற்கலாம்.

ஆகவே கேளுங்கள். எவர் வந்து எந்தப் படிவத்தை நீட்டினாலும், தனியாக எவரும் கையெழுத்தும் போட வேண்டாம், ஓடிபியும் சொல்ல வேண்டாம். ‘எங்கள் சங்கத்தோடு பேசுங்கள்’ என்ற ஒரே பதிலைச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முழுவதும் தமிழில் வேண்டும். விலை எவ்வளவு கவிழ்ந்தாலும் இதற்குக் கீழே போகாது என்று ஒரு அடிவிலை அதில் இருக்க வேண்டும். சான்றிதழ் என்ன விலைக்கு, யாருக்கு விற்றது என்ற ரசீது நமக்கு வர வேண்டும். நம் வயல் கணக்கு நமக்குச் சொந்தம் என்று எழுதியிருக்க வேண்டும். புயல், வெள்ள நட்டம் விவசாயி தலையில் விழக் கூடாது. விலக நினைத்தால் அபராதம் இல்லாமல் விலக வழி வேண்டும். வழக்கு வந்தால் நம் மாவட்ட நீதிமன்றத்தில் நடக்க வேண்டும், டெல்லியில் இல்லை.

வருகிற கிராம சபையில் இரண்டு தீர்மானங்கள் வைக்கிறோம். புறம்போக்கு, ஏரி, மேய்க்கால், கழுவெளி ஓரம் என எந்தப் பொது நிலத்திலும் கிராம சபை ஒப்புதல் இல்லாமல் கார்பன் திட்டம் கூடாது என்பது முதல் தீர்மானம். கென்யாவைப் போல ஊர்ப்பங்கைச் சட்டமாக்க வேண்டும் என்று மாநில அரசைக் கேட்பது இரண்டாவது. ஓமந்தூரில் மட்டும் நிறைவேறினால் போதாது. உறவுமுறை உள்ள ஒவ்வொரு ஊருக்கும் போன் போடுங்கள், இதே வாசகத்தை அங்கேயும் வைக்கச் சொல்லுங்கள்.

திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நம் மல்லாட்டைக்கு ரகம் கொடுத்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான் இருக்கிறது. மண் பரிசோதனைக்கும் குழாய் பதிக்கும் பயிற்சிக்கும் அவர்களிடம் சங்கத்தின் பெயரில் மனு கொடுப்போம். கூட்டுறவுக் கடன் சங்கத்து உறுப்பினர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்கள், ஏரிப் பாசன சங்கத்தார் மூவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து, ஆயிரம் ஏக்கருக்குப் பெயர்ப் பட்டியல் போட வேண்டும். படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளே, ஒரு மடைக்கு ஒருவர் என்று பொறுப்பெடுங்கள். செல்போனில் தேதியோடும் இடத்தோடும் குழாயைப் படம் பிடியுங்கள், நோட்டில் எழுதுங்கள், வாரம் ஒருமுறை பக்கத்து மடைக்காரர் நோட்டோடு ஒத்துப் பாருங்கள். நடவுக்கும் களைக்கும் போகும் அக்காமார்கள் தனியாக ஒரு நோட்டு வையுங்கள். எத்தனை ஆள், எத்தனை நாள், என்ன கூலி என்பதை எழுதுங்கள், அந்த நோட்டு இல்லாமல் சங்கம் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் போகாது.

சங்கக் கூட்டத்துக்கு வரும்போது சிட்டா, அடங்கல் நகலையும், குத்தகைக்காரர்கள் நிலத்துக்காரரோடு பேசிய விவரத்தையும் கொண்டு வாருங்கள். ஏற்கெனவே எங்காவது கையெழுத்துப் போட்டிருந்தால் வெட்கப்படாமல் அந்தத் தாளையும் கொண்டு வாருங்கள், வக்கீலை வைத்துப் படித்துப் பார்ப்போம். குழாய் வெட்டத் துண்டு பிவிசி கிடக்கிற வீட்டார் எடுத்து வாருங்கள், துளை போடும் இயந்திரத்துக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. நாற்றங்கால் உழவுக்கு முன்னால் முதல் பக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.